வளர்ச்சிப் பங்கு: விற்றது எவ்வளவு, வசூலானது எவ்வளவு?

மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். குறுவை விற்ற பணத்தில் 3 லட்சம் ஒதுக்கி வைத்திருக்கிறாராம். தினமும் வாங்கி விற்கும் வேலை அவருக்கு வேண்டாம். இரண்டு மூன்று வருடம் வைத்திருந்து நல்ல விலைக்கு விற்கும்படியான வளர்ச்சிப் பங்குகள் வேண்டும். மூன்று வருடமாக விற்பனையும் லாபமும் ஆண்டுக்குச் சுமார் 25 சதவீதமோ அதற்கு மேலோ வளர்ந்த கம்பெனிகளை வடிகட்டியதில் 42 பெயர் வந்திருக்கிறது. "இதில் எதை எடுப்பது, எதை விடுவது?" என்பதுதான் கேள்வி.

தம்பி, நான் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு பெற்ற ஆலோசகர் இல்லை. நீடாமங்கலத்தில் உரம், பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறேன். 2003 முதல் ஷேர் வாங்கி வருகிறேன். அதனால் இதை வாங்கு, அதை வாங்காதே என்று பெயர் சொல்லப் போவதில்லை. அந்த 42 பெயரை நான் எப்படிச் சலிப்பேன் என்று மட்டும் சொல்கிறேன்.

25 சதவீத வளர்ச்சி என்பது பயிரின் பச்சை மாதிரி. சம்பாவுக்கு யூரியாவைக் கூடுதலாக அள்ளி வீசிப் பாருங்கள், சில நாளில் வயல் கரும்பச்சை கட்டிவிடும். வரப்பில் போகிறவரெல்லாம் நின்று பார்ப்பார்கள். அந்த வயலில்தான் புகையான் பூச்சி முதலில் இறங்கும், கதிர் வந்ததும் பயிர் சாய்வதும் அங்கேதான். மகசூல் எவ்வளவு என்பது களத்தில் தூற்றும்போதுதான் தெரியும். கம்பெனிக்கும் அப்படி ஒரு களம் இருக்கிறது. ஆண்டறிக்கையில், உண்மையில் எவ்வளவு பணம் உள்ளே வந்தது, வெளியே போனது என்று காட்டும் ரொக்க ஓட்ட அறிக்கை என்று ஒரு பக்கம் வரும். முதலில் அங்கே போங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். மார்ச் மாதக் கடைசி வாரத்தில் ஒரு பூச்சிமருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி கடைக்கு வந்தார். "அண்ணே, மூணு லட்சத்துக்குச் சரக்கு இறக்கிக்குங்க. பணம் செப்டம்பர்ல குடுத்தா போதும். விக்கலன்னா திருப்பி அனுப்பிடுங்க" என்றார். மார்ச்சில் டெல்டாவில் பூச்சிமருந்துக்கு என்ன வியாபாரம்? சம்பா, தாளடி அறுப்பு முடிந்து உளுந்தும் பயறும் நிற்கிற நேரம். ஆனாலும் பல வருடப் பழக்கம் என்பதால் கையெழுத்துப் போட்டேன். சரக்கு என் கிடங்கில் தூங்கியது. எனக்கு விற்பனை ஒரு ரூபாய் கிடையாது, கம்பெனிக்கும் ஒரு ரூபாய் வரவில்லை. ஆனால் கம்பெனியின் கணக்கில் அது அந்த நிதியாண்டின் விற்பனை, அதில் லாபமும் உண்டு.

அதே கம்பெனியின் பங்கும் அப்போது என் கையில் இருந்தது. அந்த வருட முடிவு வந்தபோது விற்பனை வளர்ச்சியைப் பார்த்து சந்தோஷப்பட்டு இன்னும் கொஞ்சம் வாங்கினேன். என் கிடங்கில் தூங்கும் பெட்டிகளும் அந்த வளர்ச்சியும் ஒன்றுதான் என்பது எனக்கு உறைக்கவில்லை. அடுத்த குறுவை சரியாக அமையவில்லை. என்னைப் போல எத்தனையோ கடைக்காரர்கள் சரக்கைத் திருப்பி அனுப்பினார்கள். கம்பெனியின் லாபம் சரிந்தது, பங்கு நான் வாங்கிய விலையில் பாதிக்கு வந்தது. இது ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், பல தொழில்களில் ஆண்டு முடிவில் நடக்கிற வழக்கம்தான். ஆனால் கணக்கைப் படித்திருந்தால் ஆறு மாதம் முன்பே தெரிந்திருக்கும்.

எப்படித் தெரியும் என்று ஒரு கற்பனைக் கணக்கில் பாருங்கள். ஒரு கம்பெனியின் விற்பனை மூன்று வருடத்தில் 100 கோடி, 125 கோடி, 156 கோடி. லாபம் 10, 12.5, 15.6 கோடி. உங்கள் வடிகட்டியில் இது அழகாகத் தேறிவிடும். இப்போது கம்பெனியின் சொத்தும் கடனும் எழுதியிருக்கும் இருப்புநிலைக் குறிப்பைத் திறந்து, வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கியைப் பாருங்கள். முதல் வருடம் 20 கோடி, அடுத்து 35, அடுத்து 58. அதை விற்பனையால் வகுத்து 365 ஆல் பெருக்கினால், விற்ற சரக்குக்குப் பணம் வர எத்தனை நாள் ஆகிறது என்று கிடைக்கும். முதலில் 73 நாள், பிறகு 102 நாள், மூன்றாம் வருடம் 136 நாள். அந்த மூன்றாம் வருடத்தில் லாபம் என்று எழுதியிருப்பது 15.6 கோடி. புதிதாக ஊரில் முடங்கிய பாக்கியோ 23 கோடி. அந்த வருடத்துச் சம்பளத்தையும் வட்டியையும் இந்தக் கம்பெனி எங்கிருந்து கொடுத்திருக்கும்? பெரும்பாலும் கடன் வாங்கித்தான்.

ஒரு வருடத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். ஐந்து வருட நிகர லாபத்தைக் கூட்டி எழுதுங்கள். அதே ஐந்து வருடத்தில் தொழிலிலிருந்து வந்த ரொக்கத்தையும் கூட்டி எழுதுங்கள். 100 ரூபாய் லாபத்துக்கு 80 ரூபாயாவது ரொக்கமாக வந்திருந்தால் அந்தப் பெயரை வைத்துக்கொள்வேன். 50க்குக் கீழே என்றால் காரணம் தெரியாமல் தொட மாட்டேன். இந்த 80, 50 என்பது என் பழக்கம்தான், சட்டம் இல்லை. அரசு ஒப்பந்த வேலை செய்யும் கம்பெனிக்குப் பணம் தாமதமாகத்தான் வரும். புதிய ஊர்களில் கடை திறக்கும் கம்பெனிக்குச் சரக்கில் பணம் முடங்கும். காரணம் நியாயமாக இருந்தால் பொறுத்துப் பார்க்கலாம். பாக்கி நாள் வருடா வருடம் ஏறிக்கொண்டே போவதற்கு மட்டும் நியாயம் கிடைப்பது அரிது.

ரொக்கமும் சில நேரம் பொய்யாக இருக்கும். சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் 2009 ஜனவரி 7ஆம் தேதி தானே எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய வங்கி இருப்பில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். அன்று ஒரே நாளில் பங்கின் விலை முக்கால்வாசிக்கு மேல் விழுந்தது. இதற்கும் சின்னதாக ஒரு சோதனை இருக்கிறது. வங்கியில் 500 கோடி வைத்திருப்பதாகச் சொல்லும் கம்பெனிக்கு அதற்கேற்ற வட்டி வருமானம் வர வேண்டும். வட்டி சொற்பமாக இருந்தாலோ, இவ்வளவு பணம் இருந்தும் அதிக வட்டிக்குக் கடன் வாங்கிக்கொண்டே இருந்தாலோ ஒதுங்கிவிடுங்கள்.

வங்கிக்கும் நிதி நிறுவனத்துக்கும் இந்த ரொக்கச் சோதனை செல்லாது. கடன் கொடுப்பதே அவர்கள் வியாபாரம். ஆகவே உங்கள் 42 பெயரில் அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். அங்கே பார்க்க வேண்டியது வாராக்கடன் விகிதமும், நஷ்டத்தைத் தாங்கச் சொந்த முதல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் மூலதனப் போதுமை விகிதமும். நம் பகுதிக்காரர்களுக்கு இதில் ஒரு பலவீனம் உண்டு, "நம்ம ஊரு பேங்க்" என்ற பாசம். டெல்டாவின் மேற்கு வாசலில் இருக்கும் கரூரில் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியின் பங்கைத் தலைமுறையாக வைத்திருந்த குடும்பங்கள் உண்டு. சிறு வியாபாரிகளுக்குக் கடன் கொடுத்து வளர்ந்த வங்கி, பெரிய கம்பெனிகளுக்குக் கடனை வேகமாகப் பெருக்கப் போனது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதை, நலிந்த வங்கிகளுக்குக் கட்டுப்பாடு போடும் உடனடி சீர்திருத்த நடவடிக்கையின் கீழ் கொண்டுவந்தது. 2020இல் மொத்த வாராக்கடன் 25 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அந்த ஆண்டு நவம்பர் 27ஆம் தேதி டி.பி.எஸ். பேங்க் இந்தியாவுடன் இணைக்கப்பட்டபோது டெபாசிட் போட்டவர்களின் பணம் பத்திரமாக இருந்தது. பங்கு வைத்திருந்தவர்களின் முதலீடு முழுவதும் அழிக்கப்பட்டது, ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. அந்த வாராக்கடன் எண் ஒவ்வொரு காலாண்டும் வெளியே வந்துகொண்டுதான் இருந்தது. கும்பகோணத்தில் 1904இல் கும்பகோணம் வங்கி என்று தொடங்கி, 1987 முதல் சிட்டி யூனியன் வங்கி என்ற பெயரில் நடப்பது இன்றும் தனியாக நிற்கிறது. அதையும் இதே கணக்கால்தான் அளக்க வேண்டும். பெரிய தெருவில் கிளை இருப்பதும் தாத்தா கணக்கு வைத்திருந்ததும் பங்கு வாங்கக் காரணம் ஆகாது.

அடுத்து, வளர்ச்சி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் வரைதான் ஏற்பார்கள். ஈர நெல் எடை கூடுதலாகத்தான் நிற்கும், ஆனால் அந்த எடைக்குள் தண்ணீர் இருக்கிறது. கம்பெனி லாபத்திலும் இப்படி ஈரம் கலந்திருக்கும். நிலத்தை விற்ற லாபம், ஒருமுறை கிடைத்த வரிச் சலுகை, வழக்கில் வந்த தொகை எல்லாம் 'இதர வருமானம்' அல்லது 'விதிவிலக்கான இனங்கள்' என்ற வரியில் உட்கார்ந்திருக்கும். அவற்றைக் கழித்துவிட்டு வளர்ச்சி விகிதத்தைத் திரும்பப் போடுங்கள். 42இல் சில பெயர் இங்கேயே உதிர்ந்துவிடும்.

விற்பனை கூடியது மூட்டை கூடியதாலா, விலை கூடியதாலா என்பதும் முக்கியம். உரக் கம்பெனிக்கு உலகச் சந்தையில் மூலப்பொருள் விலை ஏறினால் விற்பனைத் தொகை தானாகவே ஏறும், ஒரு மூட்டைகூட அதிகம் போயிருக்காது. விலை இறங்கும் வருடம் அந்த வளர்ச்சி திரும்பிப் போய்விடும். அடுத்து, வேறு கம்பெனிகளை விலைக்கு வாங்கிப் பெருத்தார்களா? புதிய பங்குகளை வெளியிட்டுத் திரட்டிய பணத்தில் வளர்ந்தார்களா? அப்படியானால் மொத்த லாபம் 25 சதவீதம் கூடியிருந்தாலும் ஒரு பங்குக்கான லாபம் 10 சதவீதம்கூடக் கூடாமல் போகலாம். உங்களுக்குச் சொந்தம் ஒரு பங்குக்கான லாபம் மட்டுமே. போட்ட மொத்த முதலுக்கு என்ன வருமானம் என்று காட்டும் ஆர்.ஓ.சி.இ. விகிதத்தையும் பாருங்கள். கடனுக்கு 10 சதவீதம் வட்டி கட்டி, முதலுக்கு 11 சதவீதம் சம்பாதிக்கும் கம்பெனி எவ்வளவு வளர்ந்தாலும் பங்குதாரருக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். இது ஐந்து வருடமாக 18, 20 சதவீதத்துக்கு மேல் நிலையாக இருக்க வேண்டும் என்பது என் எதிர்பார்ப்பு.

நல்ல வளர்ச்சிக்கு மூலம் எப்படி இருக்கும் என்றால், பெரும்பாலும் ஒரு வியாபாரம் கை மாறும் இடத்தில் இருக்கும். நகை வியாபாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தையில் அறுப்பு முடிந்ததும் நம் பெண்களுக்குத் தங்கம் எடுப்பது பழைய பழக்கம், அந்தத் தேவை புதிதில்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி., 2021 ஜூனிலிருந்து படிப்படியாக ஹால்மார்க் கட்டாயம் என்று வந்தபோது, கணக்கில் வராத வியாபாரத்தின் ஒரு பகுதி ரசீது போட்டு விற்கும் கடைகளுக்கு நகர்ந்தது. டாடாவும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், ஓசூரில் கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்து இன்று நகையில்தான் பெரும்பகுதி வருமானம் பார்க்கிறது. வாங்கச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. மொத்தச் சந்தை மெதுவாக வளர்ந்தாலும் அதற்குள் ஒரு கம்பெனியின் வியாபாரம் வேகமாகப் பெருக முடியும். அப்படிப் பெருக இன்னும் எவ்வளவு இடம் பாக்கி என்பதைத்தான் உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் கேட்க வேண்டும்.

இன்னொன்று, டெல்டாக்காரருக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டியது. நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் நம் வயலில் ஓடுவதைப் பார்த்து டிராக்டர், விதை, உரக் கம்பெனிப் பங்குகளிலேயே பணத்தைக் குவிக்காதீர்கள். அந்தத் தொழில் நமக்குத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் வீட்டுச் சோறும் அதே தண்ணீரை நம்பித்தான் இருக்கிறது. 2023இல் மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12ஆம் தேதி திறந்து, அக்டோபரிலேயே மூடப்பட்டதை நினைத்துப் பாருங்கள். சம்பா தண்ணீருக்குத் தவித்த அந்த நேரத்தில் உங்கள் சேமிப்பும் சேர்ந்து இறங்கினால் எதை விற்று எதைக் காப்பாற்றுவீர்கள்? நானும் என் கடை வருமானம் மழையை நம்பியது என்பதால், பங்குகளில் விவசாயம் சார்ந்தவற்றை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வைப்பதில்லை.

இத்தனை சலித்த பிறகு ஒரு பத்துப் பெயர் மிஞ்சினால் பெரிது. இப்போதுதான் விலைக்கு வர வேண்டும். வளர்ச்சிப் பங்கில் நல்ல கம்பெனியைத் தேர்ந்தெடுத்தும் நஷ்டப்படுகிறவர்கள் அதிகம் பேர், நானும் பட்டிருக்கிறேன். ஒரு பங்குக்கான லாபம் 10 ரூபாய், விலை 600 என்று வைத்துக்கொள்ளுங்கள். விலையை ஒரு பங்குக்கான லாபத்தால் வகுத்தால் வருவது பி.இ., இங்கே அது 60. கம்பெனி சொன்னபடியே ஆண்டுக்கு 20 சதவீதம் வளர்கிறது. மூன்று வருடத்தில் லாபம் 17 ரூபாய் 28 பைசா. அதற்குள் சந்தையின் ஆசை தணிந்து பி.இ. 30க்கு வந்துவிட்டால் விலை 518தான். லாபம் 73 சதவீதம் கூடியிருக்கிறது, நீங்கள் போட்ட 600 ரூபாயோ 518 ஆகக் குறைந்திருக்கிறது. அதே கம்பெனியை 20 பி.இ.யில், 200 ரூபாய்க்கு வாங்கியிருந்து பி.இ. அப்படியே இருந்தால் 345 ஆகியிருக்கும். மூன்று வருடத்தில் விற்கப் போகிறேன் என்கிற உங்களுக்கு இது இன்னும் கூர்மையான விஷயம், பத்து வருடம் காத்திருக்கிறவருக்கு இருக்கும் அவகாசம் உங்களுக்கு இல்லை. அந்தக் கம்பெனியின் பி.இ. கடந்த ஐந்து, பத்து வருடத்தில் சராசரியாக என்னவாக இருந்தது என்று பாருங்கள். சராசரியைவிட மிக மேலே இருந்தால் பெயரை நோட்டில் எழுதி வைத்துக் காத்திருங்கள்.

வாங்கும்போது 3 லட்சத்தையும் ஒரே நாளில் போடாதீர்கள். ஆறிலிருந்து எட்டுக் கம்பெனி, ஒவ்வொன்றிலும் மூன்று தவணை. காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் கம்பெனிகள் முடிவை வெளியிட வேண்டும், நிதியாண்டு முடிவுக்கு 60 நாள். முதல் தவணை வாங்குங்கள். அடுத்த முடிவு உங்கள் கணக்குப்படி வந்தால் இரண்டாவது தவணை. விலை இறங்கியிருக்கிறதே என்பதற்காக மட்டும் அடுத்த தவணையைப் போடக் கூடாது. கடந்த 200 நாள் சராசரி விலைக்குக் கீழே வீழ்ந்துகொண்டிருக்கும் பங்கில் நான் புதிதாக நுழைவதில்லை. எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று யாருக்கோ தெரிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்.

விற்பதுதான் கஷ்டம். வாங்கும் அன்றே ஏன் வாங்குகிறேன் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். அந்தக் காரணம் செத்தால் விற்க வேண்டும், விலை என்னவாக இருந்தாலும் சரி. தொடர்ந்து இரண்டு காலாண்டு வளர்ச்சி தளர்ந்து, நிர்வாகம் சொல்லும் காரணம் ஒவ்வொரு முறையும் மாறினால் நான் பாதியை விற்றுவிடுவேன். நடுவில் தணிக்கையாளர் விலகினாலோ, ப்ரமோட்டர், அதாவது கம்பெனியைத் தொடங்கி நடத்துகிறவர், தன் பங்குகளை அடமானம் வைப்பது ஏறிக்கொண்டே போனாலோ முழுவதையும் விற்பேன். அடமான விவரம் காலாண்டுதோறும் பங்குதாரர் பட்டியலில் வரும், ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். சந்தை முழுவதும் விழுவது வேறு விஷயம். 2020 ஜனவரியில் 12,400ஐத் தொட்ட, 50 பெரிய கம்பெனிகளின் விலைக் குறியீடான நிஃப்டி, மார்ச் 24ஆம் தேதி 7,511 வரை இறங்கி, அந்த வருடம் முடிவதற்குள் பழைய உச்சத்தைத் தாண்டியது. அப்போது பயந்து விற்றவர்களின் கம்பெனிகளில் பலவற்றுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

வரியையும் சொல்லிவிடுகிறேன், நெல் வருமானத்துக்கு வருமான வரி இல்லாததால் நம் ஆட்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பட்டியலிடப்பட்ட பங்கை 12 மாதத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம். 12 மாதம் தாண்டி விற்றால் ஒரு நிதியாண்டில் முதல் 1.25 லட்சம் லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். 2024 ஜூலை 23 முதல் இந்த விகிதம். பதினோராவது மாதத்தில் விற்கத் தோன்றினால், விற்கும் காரணம் அவசரமானதுதானா என்று ஒரு முறை யோசியுங்கள்.

அந்த 3 லட்சத்தைப் பற்றி ஒரு கேள்வி எனக்கும் இருக்கிறது. சம்பா நடவுக்கு, உரத்துக்கு, ஆள் கூலிக்கு வேண்டிய பணம் தனியே இருக்கிறதா? இந்த மூன்று லட்சம் மூன்று வருடத்துக்குத் திரும்பத் தேவைப்படாது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? கூட்டுறவு சங்கத்தில் நகையை வைத்துக் குறைந்த வட்டிக்கு வாங்கிய பணத்தை ஷேரில் போட்டவர்களை என் கடையிலேயே பார்த்திருக்கிறேன். விலை இறங்கியிருந்த நேரத்தில் நகையை மீட்க வேண்டி வந்து, நல்ல பங்கையும் நஷ்டத்தில் விற்றார்கள். சீக்கிரம் திரும்ப எடுக்கலாம் என்று வருங்கால விலையை வைத்துப் பந்தயம் கட்டும் எஃப் அண்ட் ஓ பக்கம் போவது அதைவிடக் கொடுமை. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று செபியே ஆய்ந்து வெளியிட்டது.

பணம் ஓய்வான பணம்தான் என்றால், ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வங்கி அல்லாத பெயர்களுக்கு முதலில் நான்கு கட்டம் போடுங்கள்: ஐந்து வருட லாபம், ஐந்து வருட ரொக்கம், பாக்கி நாள், ஒரு பங்குக்கான லாபம். ஒரு பெயருக்குப் பத்து நிமிடம் ஆகும். மிஞ்சுகிற பெயர்களோடு நீடாமங்கலம் பக்கம் வந்தால் கடைக்கு வாங்க தம்பி, மதியம் இரண்டிலிருந்து நாலு மணி வரை கூட்டம் இருக்காது. ஆண்டறிக்கையை வைத்துக்கொண்டு சேர்ந்து பார்க்கலாம்.